டாக்டரம்மைக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

என் அக்காவுக்குக் கல்யாணம் என்று பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் ஊர் முழுக்க நம்பியதற்கு நான்தான் காரணம். அதற்காக நான் இன்றுவரை ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அக்கா வருத்தப்பட்டாளா என்று கேட்டால், அதைக் கடைசியில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. மலையாளக் கரையை விட்டு ஒரு பிடி மண்ணும் போகக் கூடாது என்று இன்னொரு கட்சி. நடுவில் நாங்கள். வீட்டில் வேதம் வாசிப்பது தமிழில். கோழி வேலி தாண்டினால் பக்கத்து வீட்டாரோடு சண்டை மலையாளத்தில். கோடு எங்கே விழப்போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஐந்து பேருக்கு மேல் கூடி நிற்கக் கூடாது என்று அடிக்கடி தடையுத்தரவு வேறு போடுவார்கள்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவனந்தபுரத்தில் சர்வகலாசாலைக் கல்லூரியில் படித்து, பிறகு மிஷன் உதவியோடு சென்னைக்குப் போய் டாக்டராகித் திரும்பி, பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே டிஸ்பென்சரி திறந்தாள். ஊர்க்காரர்களுக்கு அவள் டாக்டரம்மை. நான் அவளுடைய கம்பவுண்டர். மருந்து கலக்குவேன், பொட்டலம் மடிப்பேன், வரிசையில் முந்துகிறவர்களை ஏசுவேன். இந்த மூன்றாவது வேலையை நான் மிக நன்றாகச் செய்தேன் என்று அக்காவே ஒப்புக்கொள்வாள்.

ஒருநாள் சர்வகலாசாலையின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிலில் சிறந்து பொதுஜனத்துக்கும் சேவை செய்த மூன்று பழைய மாணவர்களைக் கல்லூரி மண்டபத்தில் மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம். ஒருவர் நீதிபதி. ஒருவர் பாலங்கள் கட்டிய என்ஜினியர். மூன்றாவது பெயர் அக்காவுடையது. நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கும் முன்னறைக்குமாக ஓடினேன். கை ஓடவில்லை, கால் மட்டும்தான் ஓடியது.

கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. காலம் சரியில்லாததால், பின்னால் எந்தக் கட்சியும் மண்டபத்தில் கூச்சல் போடாதபடிக்கு, உள்ளூரில் இரண்டு கட்சியிலிருந்தும் மதிப்புள்ள ஒவ்வொருவர் நற்சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். நாலு வாரத்துக்குள் பத்திரம் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அக்கா படித்துவிட்டுக் கடிதத்தை மேஜையில் போட்டாள். “சவத்தத் தள்ளுட்டீ. வெளியில எத்தனை பேரு இருக்கினும், பாரு.”

அந்த மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு ஒரு கால் கட்டை. அந்தக் காலுக்கு அடியில் முட்டாக ஒரு தடித்த பொட்டலம், தபாலில் வந்த காக்கிக் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே இருந்தது ஒரு பரிசுப் புத்தகம். கல்லூரியில் அக்கா வகுப்பில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தது. பரிசளிப்பு நாளன்று காலையில்தான் எங்கள் அம்மை இறந்தாள். அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டாள். பிறகு புத்தகம் தபாலில் வந்தது. பதினேழு வருஷமாக அதைப் பிரிக்காத ஆள், கடிதத்தைத் தள்ளச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் தள்ளுவேன் என்று அவள் நினைத்ததுதான் ஆச்சரியம்.

மறுநாளே நெய்யாற்றின்கரைக்குப் போனேன். தமிழ்க் கட்சியின் வக்கீல் அங்கேதான் இருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஊர்வலத்தில் தடியடி பட்டு வந்த அவருடைய ஆட்களுக்கெல்லாம் தையல் போட்டுக் கட்டியது அக்காதான். அதனால் கையெழுத்து கையில் விழுந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் செரிதான் பிள்ளே. ஆனா நம்ம ஆளுவளுக்க மண்டையைப் பொளந்த இன்ஸ்பெக்டருக்க வீட்டுக்கு, அதே வாரம் போயி அவனுக்க பெண்டாட்டிக்குப் பேறு பாத்திருக்கா. நான் ஒப்புப் போட்டா எனக்க ஆளுவ என்ன கேக்கும்?”

“பேறு வலி கட்சி கேட்டிட்டா வரும் வக்கீலய்யா?” என்றேன்.

“நீ கோவப்படாத.”

“கோவப்படாம பின்ன பாட்டா படிக்கணும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து தனுவச்சபுரம். அங்கே ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், மலையாளக் கட்சிக்குத் தலை. அவர் காப்பி கொடுத்து உபசரித்தார். அக்கா ரொம்ப நல்ல ஸ்திரீ என்று மலையாளத்தில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பின்னால் ஒரு “பக்ஷே”, அதாவது நம்முடைய “ஆனால்”, வந்தது. போலீஸ் அடித்த கலகக்காரர்களுக்குக் கட்டுப் போட்டவளுக்குத் தான் எப்படிச் சாட்சி நிற்பது என்பதுதான் அவருடைய பக்ஷே. காப்பியைக் குடித்தேன். காப்பி என்ன செய்தது, பாவம்.

திரும்பி நடக்கும்போது நினைத்துப் பார்த்தேன். பதினோரு வருஷம் அவள் மழையிலும் வெயிலிலும் ஓடியதில் வக்கீல் கண்ணுக்கு ஒரு பிள்ளைப்பேறு தெரிகிறது, தாசில்தார் கண்ணுக்கு ஒரு தையல் தெரிகிறது. வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் சபைப் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் மரச்சீனிக் கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதேனா கத்தினேனா என்று நினைவில்லை, இரண்டும் கலந்து ஏதோ செய்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டுப் போதகர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். “கேளு மக்கா. நம்ம சபையில கல்யாண ஓலை மூணு ஞாயிறு வாசிக்கோம். ஆட்சேபணை உண்டானா சொல்லுங்கன்னு மூணு தடவை கேக்கோம். ஒருத்தரும் சொல்லல்லேன்னா, பின்ன கோர்ட்டுகூட அதை இல்லேன்னு சொல்லாது. டாக்டரம்மைக்கும் அதுபோல வாசிப்போம். சபை சாட்சி சொல்லட்டும். அதுக்குப் பிறகு இவிய ரெண்டு பேரும் எப்பிடி மாட்டேன்னு சொல்லுகாவன்னு பாப்போம்.”

எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை, அதனால் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

முதல் ஞாயிறு அக்கா அதியன்னூரில் ஒரு பேறுக்குப் போயிருந்தாள். ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் இரண்டு நிஜக் கல்யாணங்களின் ஓலையை வாசித்தார். அதே மூச்சில் மூன்றாவதாக எங்கள் பத்திரத்தை எடுத்தார். இச்சபையின் மகளாகிய டாக்டர் இன்னார், நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடைப் பகுதிகளில் ஜாதி, மதம், கட்சி பாராமல் வைத்தியம் செய்து சர்வகலாசாலையின் கௌரவத்துக்குப் பாத்திரமானவள் என்று சாட்சி கூறப்படுகிறது. “இதற்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் அறிவிக்க வேண்டும். இது முதலாம் முறை.”

முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். பின்னால் பெண்கள் பக்கத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. இரண்டு கல்யாண ஓலைக்குப் பின்னால் டாக்டரம்மையின் பெயர், அப்புறம் ஆட்சேபணை, அப்புறம் முதலாம் முறை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. நான் வெளியே வரும்போதே நாலு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எட்டீ, மாப்பிள எந்த ஊரு?”

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ குறும்பு புகுந்துவிட்டது. “அடுத்த ஞாயிறு வந்து நல்லாக் கேளுங்க” என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் டிஸ்பென்சரி நிரம்பி வழிந்தது. பாதிப் பேருக்கு ஒரு நோயும் இல்லை. பொழியூர் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காள் ஒருத்தி, கூடையை இறக்காமலே வாசலில் நின்று, “டாக்டரம்மைக்குக் கல்யாணமாக்கும்! கல்யாணத்துக்கு நெய்மீன் நான் தாறேன்” என்று அறிவித்தாள். வெள்ளறடையிலிருந்து ஒருவர் ஒரு பழக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து திண்ணையில் சாய்த்தார். அக்கா ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் பாட்டிலை வேண்டாத அளவுக்குக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“உனக்கு யாருட்டீ சொன்னது எனக்கு அது வேணும்னு?”

“வேண்டாமா?”

அவள் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தப் பரிசு நாளுல எனக்க பேரை விளிச்சிருக்காவ. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பின்னால இருந்து ஆரோ ‘ஆளில்ல’ன்னு சொல்லியிருக்கா. அடுத்த பேரை விளிச்சிட்டினும். எனக்க கூடப் படிச்சவ பிறகு சொன்னா. அம்மை போனது போனதுதான், அதுல ஒண்ணும் சொல்லுகதுக்கில்ல. ஆனா அந்த ‘ஆளில்ல’ இருக்கே, அது எனக்க காதுலேயே கெடக்கு. இப்பவும் அதையே ஆரும் சொல்லாண்டாம்னுதான் நான் கடிதத்தைத் தள்ளச் சொன்னேன்.”

பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. “இனி எவன் ஆளில்லேன்னு சொல்லுகான்னு நான் பாக்கேன்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பழக்குலையைப் பிரித்து வெளியே இருந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

இரண்டாம் ஞாயிறு சபையில் இடமில்லை. வெள்ளறடை பஸ்ஸே எங்கள் வாசலில்தான் காலியானது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை போதகர் நிறுத்தி நிதானமாக, பிள்ளைகளின் அழுகைக்கும் மேலே கேட்கும்படி வாசித்தார். மாப்பிள்ளை பெயர் வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“அப்ப மாப்பிள?” என்று ஒரு கிழவி சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

“மாப்பிள இல்ல பாட்டி, சர்வகலாசாலை!” என்று யாரோ சொல்ல, போதகரே சிரிப்பை அடக்க முடியாமல் சங்கீதப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். கல்யாணம் இல்லை என்று தெரிந்ததும் ஊர் அடங்கிவிடும் என்று நான் பயந்தேன். நடந்தது வேறு. இரண்டு பெரிய மனிதர்கள் டாக்டரம்மைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன கதை அந்த வாரத்தில் சந்தை சந்தையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்க வேண்டாம்.

மூன்றாம் ஞாயிறு. தடையுத்தரவு அமலில் இருந்தது. ஆராதனைக்குத் தடை இல்லை. உள்ளே இருந்ததைவிட வெளியே மாமரத்தடியில் கூட்டம் அதிகம். கடற்கரையிலிருந்து கத்தோலிக்கப் பெண்கள் தங்கள் பூசை முடிந்த கையோடு நடந்தே வந்திருந்தார்கள். வக்கீல் இரண்டாவது வரிசையில் இருந்தார். அவருடைய ஆட்கள் எல்லோரும் இங்கே இருக்கும்போது அவர் எங்கே போவார்? தாசில்தார் உள்ளே வராமல் வாசல் படியில் குடையை ஊன்றி நின்றார்.

போதகர் வாசித்து முடித்தார். “யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இது மூன்றாம் முறை.”

சத்தமே இல்லை. நான் மூச்சுவிடப் போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கு ஒண்ணு உண்டும்!”

நெய்மீன் தருவதாகச் சொன்ன அதே பொழியூர் அக்காள். அக்காவின் விரல்கள் என் கையை இறுக்கின.

“நெய்யாற்றின்கரைன்னு எழுதியிருக்கு, பாறசாலைன்னு எழுதியிருக்கு, வெள்ளறடைன்னு எழுதியிருக்கு. எங்க கடப்புறம் எங்க? எனக்க மூணு பிள்ளையும் இவிய கையிலயாக்கும் வந்து விழுந்தது. மணல்ல செருப்பைக் கையில பிடிச்சிட்டு ஓடி வந்தாவ. அதை எழுதாம இந்தப் பத்திரக் கடலாசு செரியாவாது!”

ஒரு நொடி கழித்துத்தான் எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் என்ன, அணை உடைந்தது. அதியன்னூர்க்காரர் ஒருவர் தன் பாம்புக்கடியை எழுதவில்லை என்று ஆட்சேபித்தார். ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி, ரெண்டும் ரெண்டு கணக்கு என்றாள். போதகர் என்னைக் கூப்பிட்டுப் பிரசங்கபீடத்தின் படியில் உட்கார வைத்துக் கையில் பென்சிலைக் கொடுத்தார். எனக்கு எழுத எழுதக் கண் மறைத்தது. எப்போதும் என்னிடம் ஏச்சு வாங்குகிற ஜனங்கள்தான் எல்லோரும்.

வக்கீலின் ஆட்களில் ஒருவர் எழுந்து துண்டை அவிழ்த்தார். “எனக்க தலையில ஒம்பது தையல். எழுதணும்.” அவர் உட்காருவதற்குள் பக்கவாசலில் நின்ற ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். இன்ஸ்பெக்டரின் மனைவி. “எழுதணும்” என்று அவளும் மலையாளத்தில் சொன்னாள். “என்றெ மோனெயும் எழுதணும்.” தலையில் தையல் தழும்போடு ஒருவர், அவரை அடித்தவரின் பிள்ளையோடு ஒருத்தி, இரண்டு பேரும் அக்கம்பக்கமாக நின்றார்கள். அந்தக் குழந்தை அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் அதைக் கொடுத்துவிட்டார்.

இனியும் உட்கார்ந்திருந்தால் வக்கீலுக்கு நெய்யாற்றின்கரையில் வழக்கே வராது. எழுந்தார், தொண்டையைச் செருமினார். “எனக்கும் ஒரு ஆட்சேபணை உண்டு. இத்தனை பெரிய காரியத்துல எனக்க ஒப்பு இல்லாம எப்பிடி?”

எப்படி இருக்கிறது பாருங்கள்! மானம் கெட்ட மனுஷன் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவர் பேனாவைத் திறந்ததைப் பார்த்ததும் வாசலில் இருந்து தாசில்தார் குடையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறு என்று உள்ளே வந்தார். யார் முதலில் என்று அங்கேயே ஆரம்பித்தார்கள். போதகர் பத்திரத்தைப் பிடுங்கி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நீங்கள், ஒரே நேரத்தில் போடுங்கள் என்றார். எல்லை பிரிக்க சர்க்கார் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டது! எங்கள் போதகருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

அதோடு விட்டார்களா? எங்கள் ஒப்பு எங்கே என்று கூட்டம் மொய்த்தது. பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. நான் வீட்டுக்கு ஓடி, புண்ணுக்குப் போடுகிற ஜென்ஷன் வயலட் பாட்டிலைக் கொண்டுவந்தேன். சாயங்காலம் வரை கைநாட்டு. கடிதம் ஒரு பொதியாகித் தபாலில் போயிற்று. கட்டைவிரல் ஊதாவாக இல்லாத ஆள் அந்த மாதம் எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

விழாவன்று எங்கள் ஆட்கள் தடையுத்தரவுக்கு மரியாதை கொடுத்து, ஐந்து ஐந்து பேராகத் திருவனந்தபுரம் பஸ் ஏறினார்கள். மண்டபத்தில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் மூன்று வரிசையை நிறைத்தார்கள். பொழியூர் அக்காள் நெய்மீனைக் கொண்டுவராததற்கு நான்தான் காரணம், கெஞ்சித் தடுத்திருந்தேன்.

நீதிபதியை அழைத்தார்கள். மௌனமாக எழுந்து போய் மாலை வாங்கினார். என்ஜினியரும் அப்படியே. மூன்றாவதாக அக்காவின் பெயரை வாசித்தார்கள். அவள் அசையவில்லை. நான் பார்த்தேன், உதடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையிலிருந்து இரண்டாம் தடவையும் வாசித்தார்கள். நான் அவள் விலாவில் இடித்தேன்.

அக்கா எழுந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பெயர் விளிக்கும்போது நாங்கள் பதில் சொல்வோமே, அந்தக் குரலில், மண்டபத்தின் கூரை வரை கேட்கும்படி சொன்னாள்.

“உண்டு!”

முன்வரிசைப் பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். பின்னால் எங்கள் மூன்று வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஊதா விரல்களோடு அவர்கள் தட்டிய தட்டலில் முன்வரிசையும் எழ வேண்டியதாயிற்று. அக்கா திரும்பி நின்று அவர்களைப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் மேடைக்கு நடந்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிற்பாடு கோடு களியக்காவிளையில் விழுந்தது, நாங்கள் மலையாளப் பக்கம் ஆனோம். வக்கீல் அழுதார், தாசில்தார் பாயசம் வைத்தார், அக்கா இரண்டு வீட்டுக்கும் வைத்தியம் பார்த்தாள்.

விழாவுக்கு மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் மருந்து கலக்க உட்கார்ந்தேன். அளவுக் குவளை சரிந்து மடியெல்லாம் மிக்ஸ்சர். மேஜை கிடந்து ஆடியது. குனிந்து பார்த்தேன். கட்டைக் காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, வெறும் தரை.

“அக்கா! மேஜைக் காலுக்கு வச்ச முட்டு எங்க?” என்று கத்தினேன்.

உள்ளறையில் காக்கிக் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. “ஒரு மரக்கட்டை எடுத்து வச்சுக்கோட்டீ” என்றாள் அக்கா.